ஒரு கொத்து நிலுவை

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கிறது. மூடி முழுக்கக் கறள். திறந்தால் காய்ந்த வேப்பிலையும் செத்தல் மிளகாயும் மணக்கும். உள்ளே ஒரு கொத்துப் பச்சையரிசி. கொத்து என்பது எங்கள் பக்கத்தில் பேணியால் அளக்கிற அரிசி அளவு. அதை யாரும் சமைப்பதில்லை. வருசத்துக்கு ஒருமுறை, வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிழமை, அம்மா அதைச் சுளகில் கொட்டிப் புடைத்துப் பார்ப்பா. எப்படியும் வண்டு பிடித்திருக்கும். கோழிகளுக்கு எறிந்துவிட்டு, புது அரிசி அளந்து போட்டு, புது வேப்பிலை வைத்து மூடி, திரும்பவும் தட்டில் ஏற்றிவிடுவா. கனடாவிலிருந்து வந்த மச்சாளின் மகன் ஒருநாள் பிஸ்கட் என்று நம்பித் திறந்து ஏமாந்தான். "இது ஆருக்கு?" என்று கேட்டான். "அம்மாளாச்சி எங்களுக்குத் தரவேண்டியது" என்று அம்மா சொல்ல, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கே விளங்கக் கனகாலம் எடுத்தது.

எங்கள் ஊர் முள்ளியவளை, இலங்கையின் வடக்கே முல்லைத்தீவுப் பக்கம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாது, ஆனால் பொங்கலுக்கு நடந்துதான் போவோம். கோயில் நந்திக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது. கடல்நீரேரிக்கு அங்கால், கிழக்கே, பெருங்கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டுத்தான் முள்ளிவாய்க்கால். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். இந்த இட அமைப்பைத் தெரியாமல் அம்மாவின் கணக்கு விளங்காது.

2009 ஏப்ரல் கடைசி. போரின் கடைசிக் கட்டம். சுதந்திரபுரம், மாத்தளன் என்று நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்காலுக்கு வந்திருந்தோம். பங்கர் வெட்டினால் மூன்றடியில் தண்ணி ஊறும். மணல் சரியாமலிருக்க அம்மாவின் கூறைச்சீலையைக் கிழித்து மூட்டை தைத்து அடுக்கியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி, தம்பி. அஞ்சு பேர். ஒரு இரவு செல்லடி கொஞ்சம் ஓய்ந்தபோது அம்மா வெளியே ஏறினா. அப்பா ஏசினார். அவ கேட்கவில்லை. ஏரிப்பக்கமாகத் திரும்பி நின்று, வழியில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னா: "அம்மாளாச்சி, இந்த அஞ்சு பேரும் உயிரோடை வெளிய போனமெண்டால், ஆளுக்கொரு கொத்தெண்டு அஞ்சு கொத்தரிசி உன்ரை வாசலிலை பொங்குவன்."

அன்றைக்கு எங்களிடம் இருந்தது அரைச் சுண்டு அரிசி. அதுவும் கஞ்சிக்கு. அஞ்சு கொத்து என்று அவ சொன்னபோது தம்பி பங்கருக்குள் இருந்து சிரித்தான். "அம்மா, உவ்வளவு அரிசிக்கு எங்கை போவியள்? ஒரு கொத்தெண்டு சொல்லுங்கோ, அம்மன் நம்பும்" என்றான். அவன் சொன்ன கடைசிப் பகிடி அது என்று எழுத ஆசைதான். உண்மையில் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னான். அவனுக்கு வாய் ஓயாது.

வற்றாப்பளை அம்மன் ஆர் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். மதுரையை எரித்த பிறகு கண்ணகி இந்தப் பக்கம் வந்தாள், வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்பது ஊர் நம்பிக்கை. நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பொடியளிடம் ஒரு கிழவி வந்து பசிக்குது என்றாளாம். பொடியள் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது. விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே ஆச்சி என்றார்கள். கடல்தண்ணியை அள்ளி ஊற்றி ஏற்றுங்கோ என்றாள். எரிந்தது. பிறகு, தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்று தலையைக் குனிந்தாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள். ஆயிரம் கண். பொடியள் நடுங்கிப்போக, கிழவி மறைந்துவிட்டாள்.

இன்றைக்கும் பொங்கலுக்கு முந்தின கிழமை சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். வைகாசித் திங்கட்கிழமை இரவு வற்றாப்பளையில் பொங்கல். அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று முகநூலில் வருசா வருசம் ஒரு சண்டை நடக்கும். ஒரு பக்கம் விஞ்ஞானம், மற்றப் பக்கம் அற்புதம். எனக்கு இரண்டிலும் பெரிய அக்கறை இல்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது பேன் பார்க்கிற இடம். அகிலமெல்லாம் ஆளுகிறவள் பேன்கடி தாங்காமல் மாட்டுக்காரப் பொடியனிடம் தலையைக் கொடுத்துக் குந்தியிருக்கிறாள். இப்படி ஒரு தெய்வத்தோடு சண்டை பிடிக்கலாம் என்று எங்கள் பெண்களுக்கு இயல்பாகவே தோன்றியதில் ஆச்சரியமில்லை.

எங்களுக்கு அடுத்த பங்கரில் மன்னார் அன்ரி இருந்தா. மாந்தைப் பக்கத்து ஆள். அங்கிருந்து 2007இல் வெளிக்கிட்டு, ஒவ்வொரு ஊராக இடம்பெயர்ந்து, எங்களுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தவ. வேதக்காரி. செபமாலையை எந்த ஊரிலோ தவறவிட்டுவிட்டா. விரல் மடிப்பில் எண்ணித்தான் செபம் சொல்லுவா. கஞ்சி துழாவிக்கொண்டே சொல்லுவா. நடுவில் தங்கச்சியைப் பார்த்து "பிள்ளை, விறகைத் தள்ளிவிடு" என்றுவிட்டு, விட்ட இடத்தில் இருந்து திரும்பத் தொடங்குவா. அந்த வருசம் ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. அன்றைக்கு ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாட்டு விரதம், என்று அவ சொன்னபோது அப்பா, "இஞ்சை எல்லாருக்கும் எல்லா நாளும் ஒருசந்திதானே தங்கச்சி" என்றார். அவவும் சிரித்தா.

அம்மாவும் அவவும் கதைத்துக்கொள்வது பெரும்பாலும் தங்கள் தங்கள் தெய்வத்தின் இடப்பெயர்வைப் பற்றி. "எங்கடை மாதா முதல் மாந்தையிலைதான் இருந்தவ. ஒல்லாந்தர்ரை கரைச்சல் தாங்காமல் 1670இலை இருவது குடும்பம் தூக்கிக்கொண்டு காட்டுக்கை போனது. அதுதான் மடு" என்று அன்ரி சொல்லுவா, நேற்று நடந்தது போல. 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது குருமார் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது. "மாதாவும் எங்களை மாதிரி உடுப்பு மூட்டையோடை ஓடினவ" என்பது அன்ரியின் வசனம். அதைச் சொல்லும்போது அவவின் குரலில் ஒரு பெருமை இருக்கும். காப்பாற்றாத மாதா என்று அவ ஒருநாளும் நினைக்கவில்லை. கூட ஓடின மாதா. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பிடிபடவில்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நான் இரண்டு பேரிலும் எரிச்சலாக இருந்தேன்.

மே மாதம் 18ஆம் திகதி. வைகாசி பிறந்து நாலு நாள். வட்டுவாகல் பாலத்தால் வந்தோம். பாலத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. அதைத் தாண்டியதும் ஒலிபெருக்கியில், புலிகள் இயக்கத்தில் ஒருநாள் இருந்தாலும் வந்து பதியுங்கள் என்று இராணுவம் அறிவித்தது. தம்பி மூன்று மாதம் இருந்து திரும்பி வந்தவன். பதிந்தால் கெதியில் விட்டுவிடுவார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களும் சொன்னார்கள். அவன் பதிந்தான். பஸ்ஸில் ஏறும்போது தன் சேட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தான், அப்பாவின் சேட் கிழிந்துபோயிருந்ததால். பஸ் போனது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அவ்வளவுதான் தெரியும்.

முகாமில் எனக்குச் சாமி என்ற சொல்லே கசந்தது. தறப்பாள் கூடாரத்துக்குள் வெக்கையில் கிடக்கும்போது ஒரு போதகர் வந்து, விசுவாசம் உள்ளவர்களை ஆண்டவர் கைவிடவில்லை, அதனால்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்றார். மன்னார் அன்ரி அங்கேதான் இருந்தா. கடைசிக் கிழமையில் இரண்டு பிள்ளைகளை மணலில் புதைத்துவிட்டு வந்தவ. அவ எழும்பி வெளியே போனா. இன்னொரு நாள் எங்கள் ஆள் ஒருவர், பெரிய மனிதர், எல்லாம் ஊழ்வினை என்று விளக்கம் தந்தார். இந்த இரண்டு பேச்சையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிழைத்தவனின் பக்கத்தில் நின்றுகொண்டு கடவுளுக்கு வக்காலத்து வாங்குவது சுலபமான வேலை. அன்ரியிடம் பிறகு கேட்டேன், இன்னும் செபம் சொல்லுறியளா என்று. "சொல்லாமல்? பிள்ளையை இழந்த தாய் தானே அவவும். அவவோடை கதைக்காமல் நான் ஆரோடை கதைக்கிறது?" என்றா. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அவவும் சனத்தோடு சனமாகப் போய் நின்றா. பாப்பரசரைக் கண்டீங்களா என்று ரெலிபோனில் கேட்டேன். "முன்னுக்கு நிண்டவன்ரை முதுகைத்தான் கண்டனான். போனதே காணும்."

நாங்கள் ஊருக்குத் திரும்பி, தகரம் போட்ட வீட்டில் குடியேறி, 2011 வைகாசியில் அம்மா பொங்கப் போனா. நேத்தியைத் தள்ளிப்போடக்கூடாது என்றா. நான் போகவில்லை என்று முதலில் சொல்லி, பானை தூக்க ஆளில்லாததால் போனேன். கோயில் வெளி முழுக்கப் புகை. பொச்சுமட்டையும் தென்னோலையும் எரிகிற புகை கண்ணைக் கரித்தது. அம்மா கல்லு மூன்று வைத்துப் பானை ஏற்றிப் பால் விட்டா. பால் பொங்கிச் சரிந்ததும் கொத்துப்பேணியை எடுத்தா. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டா.

பக்கத்துப் பானையில் நின்ற பெரியம்மா, "அஞ்சல்லோ நேந்தனீ?" என்றா.

"அஞ்சு பேருக்கு அஞ்சு. நாலு பேரைத்தான் தந்தவ. நாலு கொத்துத்தான்."

"எடி, அம்மனோடை கணக்குப் பாக்கிறியோ? குத்தமாப் போயிடும்."

"ஆயிரம் கண்ணிருக்கிறவ. வட்டுவாகல் இந்தா கிடக்குது. பஸ் எங்கை போனதெண்டு ஒரு கண்ணாலையாவது பாத்திருப்பா. அவன் எங்கையெண்டு அவவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லேல்லை. சொல்லட்டும், அண்டைக்கே அஞ்சாவது கொத்தைக் கொண்டந்து பொங்குறன்."

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டா. எனக்கோ, அந்த ஒரு கிழமை முழுக்க அந்த வசனம் தலைக்குள் சுற்றியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மிச்சம் கொண்டுவந்த ஒரு கொத்து அரிசியை ரின்னில் போட்டுத் தட்டில் வைத்தா. பொங்கல் சோற்றை நான் அன்றைக்குச் சாப்பிட்டேன். இரண்டு வருசத்துக்குப் பிறகு படைத்ததை வாயில் வைத்தேன்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் தொழிலில் நிலுவை என்று ஒரு நிரல் உண்டு. வராது என்று முடிவு செய்த கடனைப் பதிவழித்துவிடுவோம். அதற்குக் கூட்டம் வைத்துத் தீர்மானம் எடுக்க வேண்டும். ஒருமுறை அழித்துவிட்டால் அந்த ஆளோடு சங்கத்துக்கு ஒரு தொடர்பும் இல்லை. நிலுவையில் வைத்திருந்தால் மட்டும்தான் கடிதம் போடலாம், கேட்டுப் போகலாம், வாசலில் நிற்கலாம். நான் முகாமில் இருந்தபோது அம்மனைப் பதிவழித்துவிட்டேன். அம்மா அழிக்கவில்லை. தருவா என்று அவவுக்கு உறுதி இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்ற உறுதி இருந்தது.

குத்தமாப் போயிடும் என்று பெரியம்மா சொன்னது எனக்குப் பிறகு வேடிக்கையாக இருந்தது. நாங்கள் கும்பிடுகிற பெண், புருசனைப் பறிகொடுத்துவிட்டு மதுரைத் தெருவில் நின்று, இந்த ஊரில் தெய்வம் இருக்கா, தெய்வம் இருக்கா என்று கத்தினவள். அப்படிக் கேட்டவளைத்தான் சனம் தெய்வமாக்கியது. அவள் வாசலில் நின்று அதே கேள்வியை ஒரு தாய் கேட்டால் அவளுக்கு எப்படிக் கோபம் வரும்?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அம்மா முள்ளியவளையில் இருந்து பஸ் எடுத்துப் போவா. மடியில் தம்பியின் படம். வெயிலுக்குக் கொட்டில், பின்னால் கோயில். அவர்கள் அந்த இடத்தை ஏன் தெரிவுசெய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, வீதியோரம் வசதி என்பதாகவும் இருக்கலாம். ஆனால் பூசை மணி கேட்கும்போது எல்லாத் தாய்மாரும் எழும்பித் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வந்து படத்தோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்தைக் கேட்பதும் முருகனைக் கேட்பதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கம். அதில் எத்தனையோ பேர் பதில் வராமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

மரணச் சான்றிதழ் எடுங்கோ, நட்டஈடு கிடைக்கும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார்கள். 2016இல் சட்டம் மாற்றி, இன்னார் காணாமற்போயிருக்கிறார் என்றே சான்றிதழ் எடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். ஒரு விசாரணையில் ஒரு அதிகாரி அம்மாவிடம், எத்தனை வருசமாச்சு, இனியும் வருவார் என்று நம்புறீங்களா என்று கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து சிரித்துச் சொன்னா: "வருவானோ மாட்டானோ எண்டு நான் சொல்லேல்லை. எங்கையெண்டு கேட்டனான். அந்தப் பிள்ளைக்கு ரெண்டும் ஒண்டாப் படுது."

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் கோபிப்பார். அவர் கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணம் போகிற பஸ் முறிகண்டியில் நின்றால் எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார்கள். இவர் நேரே நிலக்கடலை விற்கிற கச்சான் கடைக்குப் போவார். "பிள்ளையார் பஸ்ஸைப் பாப்பார். நான் கச்சானைப் பாக்கிறன்" என்பார். ஆனால் என் மட்டில் எங்கள் வீட்டில் நம்பிக்கையால் வாழ்கிற ஆள் என்றால் அவர்தான். அவர் மானாவாரிக் கமக்காரன். குளத்துத் தண்ணி பாயாத மூன்று ஏக்கர்.

மானாவாரியில் புழுதி விதைப்பு என்று ஒன்று இருக்கிறது. மாரி மழைக்கு முன்னமே, புரட்டாதியில், காய்ந்த நிலத்தை உழுது புழுதியாக்கி அதில் நெல்லை எறிந்துவிடுவது. மழை பெய்த பிறகு விதைக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பெய்யத் தொடங்கினால் சேறாகி உழவு பிந்தும், பயிர் பிந்தும், கடைசியில் தண்ணி போதாமல் கதிர் பதராகும். அதனால் முந்த வேண்டும். முந்தினால் வேறு பயம். மழையே வராவிட்டால் எறும்பும் புறாவும் தின்னும். ஒரு தூறல் மட்டும் வந்து நின்றுவிட்டால் அதுதான் பெரிய கேடு: முளைவிட்டுவிட்டு வெயிலில் கருகும். விதைத்த பிறகு அப்பா பின்னேரங்களில் வரம்பில் நிற்பார். பெருவிரலால் புழுதியைக் கிளறி ஒரு நெல்லை எடுப்பார், பல்லில் கடித்துப் பார்ப்பார், துப்புவார், வடகிழக்கைப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார்.

2021இல் இரசாயன உரத்தை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்தக் காலபோகம், அதாவது மாரி நெற்செய்கைக்கு, யூரியாவும் இல்லை, மருந்தும் இல்லை, அடுத்த வருசம் டீசலும் இல்லை. இந்த முறை விடுங்கோ அப்பா என்றேன். கணக்குப் போட்டுக் காட்டினேன், எப்படிப் பார்த்தாலும் நட்டம். அவர் கொப்பியைப் பார்த்தார். "கணக்குச் சரிதான். அதுக்காக நிலத்தைச் சும்மா போடுறதே?" என்றுவிட்டு விதைத்தார். விளைந்தது வழமையின் அரைவாசிக்கும் குறைவு. நட்டம்தான். நான் போட்ட கணக்கு ஏறத்தாழச் சரியாகவே வந்தது. அடுத்த புரட்டாதியிலும் விதைத்தார். அந்த வருசம் விளைந்ததில் முதல் அரிசி தம்பியின் ரின்னுக்குத்தான் போனது. அதை அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார், ஏதோ கடைச்சாமான் கொடுக்கிற மாதிரி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

நீ இப்போது கும்பிடுகிறாயா என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். வைகாசியில் போகிறேன். பானை தூக்குகிறேன். கண்ணை மூடினால் வார்த்தை ஒன்றும் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அந்த எரிச்சலை அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறேன், வேறு எங்கும் கொண்டுபோவதில்லை.

இந்த வருசம் அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்புரை முற்றிவிட்டது. சுளகைப் பிடித்துக்கொண்டு அரிசியையும் வண்டையும் வேறுபடுத்த முடியாமல் கொஞ்சநேரம் இருந்தா. பிறகு சுளகை என் பக்கம் தள்ளினா. நான் புடைத்தேன், கோழிக்கு எறிந்தேன், மூட்டையில் இருந்து கொத்துப்பேணியில் புது அரிசி அள்ளி, அலுவலகத்தில் பழகிய பழக்கத்தில் விளிம்போடு கையால் தட்டிச் சமன்படுத்தினேன்.

"தலை தட்டினனியே?" என்றா.

"ஓம் அம்மா. ஒரு கொத்து. சரியா இருக்கு."

கையை நீட்டி பேணியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தா.

"கோபுரமாப் போடு பிள்ளை. நாளைக்கு அவ கணக்குத் தீர்க்க வந்தால், எங்கடை பக்கத்திலை குறை இருக்கக்கூடாது."

இன்னொரு பிடி அள்ளி மேலே வைத்தேன். கொஞ்சம் வழிந்து திண்ணையில் சிந்தியது. அதை அவ ஒவ்வொரு மணியாகத் தடவித் தடவிப் பொறுக்கினா.